நெற்றிப்பொட்டிலிருந்து ஒரு நூல்

வெண்ணாம்பாளையத்தில் தறி ஓடுகிறவரைக்கும் ஒருவருக்கும் தலை வலித்தது கிடையாது. காவிரிக்கு இக்கரையில் இருந்த அந்த ஊரில் வீட்டுக்கு வீடு விசைத்தறி இருந்தது, இரவென்றும் பகலென்றும் பாராமல் அது ஓடிக்கொண்டே இருந்தது, அந்தச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து, அந்தச் சத்தத்துக்குள்ளேயே காது குத்தி, தாலி கட்டி, பிள்ளை பெற்று, ஒருநாள் அந்தச் சத்தத்துக்குள்ளேயே செத்தும் போனார்கள். பேச வேண்டியதைப் பாதி உதட்டாலும் பாதி கையாலும் பேசிக்கொண்டார்கள், தொட்டில் பிள்ளைகூட தறி ஓடினால் தூங்கும், நின்றால் திடுக்கிட்டு அழும். மாதத்தில் ஒருநாள் கம்பி பார்க்கிறோம், கம்பம் பார்க்கிறோம் என்று கரண்டு நிறுத்துவார்கள். அன்றைக்கு ஊர் அடங்கும், அடங்கிய சிறிது நேரத்தில் பெரியவர், சிறியவர், முதலாளி, கூலி என்று எல்லோரும் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். இதையெல்லாம் பார்த்து ஊர் ஒரு முடிவுக்கு வந்திருந்தது: தலைவலி என்பது அமைதியால் வருகிற சீக்கு.

இப்படியொரு முடிவுக்கு வர உலகத்தில் வேறு எந்த ஊராலும் முடியாது. மற்ற ஊரில் தலைவலிக்காரரை இருட்டறையில் படுக்கவைப்பார்கள் என்றால் இங்கே ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுக்கவைத்தார்கள். வலி கேட்காமல் போகும். கேட்காமல் போனால் போயே போய்விட்டதாகத்தான் அர்த்தம் என்று அவர்கள் நினைத்தார்கள், அப்படியே ரொம்பக் காலம் பிழைத்தும் வந்தார்கள்.

சம்பூரணம் அப்படிப் பிழைத்தவர்களில் ஒருத்தி. அவளுடைய புருஷன் அர்த்தநாரி நான்கு தறி வைத்திருந்தான், அவள் தாழ்வாரத்தில் மிஷினைப் போட்டுத் தார் சுற்றினாள். தார் என்றால் குச்சியில் சுற்றிய ஊடு நூல். அதை, தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைத்தால்தான் தறி குறுக்கே நெய்யும். விடிந்தால் அவள் அந்த மிஷின் முன்னால் உட்காருவாள், எழுந்து சோறாக்குவாள், மறுபடியும் உட்காருவாள். ஒரே மகள் மேனகா, தறி மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றவந்த அக்கரைப் பையனோடு போய்க் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டாள். பையன் வேறு சாதி. சேதி வந்த அன்றைக்கே அர்த்தநாரி ஆற்றுக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்தான், அவளையும் முழுகச் சொன்னான், அவளும் போய் முழுகினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தறிச் சத்தத்தில் சொன்னாலும் கேட்டிருக்காது என்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுவாள், சாப்பிடும்போது அது தெரியாது. சொந்தத் தம்பி செத்து அவனைப் பாடையில் ஏற்றியபோது, நாலு பேர் ஒரு மூட்டையைத் தூக்குகிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லையே என்று பெண்கள் பேசினார்கள். அவளுக்கும் அது ஆச்சரியமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த ஆச்சரியமும் வேறு யாருக்கோ வந்தது மாதிரி தூரத்தில் இருந்தது.

ஆனி மாதத்தில் கரண்டு நிறுத்திய ஒருநாள் காலையில் அவள் நின்றுபோன மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தபோது வலது நெற்றிப்பொட்டில் குறுகுறுவென்று ஊறியது. பேன் என்று நினைத்து இரண்டு விரலால் கிள்ளி இழுத்தாள். நூல் வந்தது. சாம்பல் நிறத்தில், மெல்லிசாக, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அடுத்த வீட்டுத் துளசிமணி தலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தவள் அதைப் பார்த்தாள், கிட்ட வந்து நூலைப் பெருவிரலில் வைத்து உருட்டினாள்.

"நல்ல முறுக்குங்க்கா. நாப்பதாம் நம்பர் இருக்குமாட்ட இருக்குது."

"உனக்கும் வருதா, பாரு" என்றாள் சம்பூரணம்.

துளசிமணிக்கு இரண்டு பொட்டிலும் வந்தது. எதிர்வீட்டுக்காரருக்குப் பிடரியில் வந்தது. மத்தியானத்துக்குள் ஊரில் தலை இருந்த எல்லோருக்கும் நூல் வந்துவிட்டது. வேறு ஊராக இருந்தால் கோயிலுக்கு ஓடியிருப்பார்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். வெண்ணாம்பாளையத்துக்காரர்களுக்கு நூலைப் பார்த்தால் ஒரே ஒரு யோசனைதான் வரும். சாயங்காலம் கரண்டு வந்ததும் தலைமாட்டில் மிஷினைப் போட்டு, நூல் நுனியைக் குச்சியில் மாட்டி, ஓட விட்டார்கள். நூல் ஓடி முடிந்து அடியில் டக்கென்று அறுபட்ட நிமிஷத்தில் தலையிலிருந்து ஒரு இறுக்கம் கழன்றது, எத்தனையோ வருஷமாகத் தலையில் ஒரு இறுக்கம் இருந்தது என்பதே அது கழன்றபோதுதான் தெரிந்தது. புருஷன் தலைக்குப் பெண்டாட்டியும் மாமியார் தலைக்கு மருமகளும் தார் சுற்றினார்கள். நாலைந்து நாளில் மறுபடியும் முளைத்தது, மறுபடியும் சுற்றினார்கள்.

சுற்றிய நூலைச் சும்மா போட அந்த ஊருக்கு மனசு வருமா? தெருவிலேயே பெரிய பட்டறை வைத்திருந்த கைலாசம் அதையெல்லாம் வாங்கித் தறியில் ஏற்றித் துண்டு நெய்தார். சாயம் போடாமலே அழகான சாம்பல் நிறம், கிழித்தாலும் கிழியாது, சந்தையில் உடனே விற்றது. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் வாங்கித் தலையில் கட்டினார்கள், கட்டிய ஒவ்வொருவருக்கும் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய தலைவலி வந்தது. கல்யாணமே ஆகாத ஒரு ஆளுக்குத் துளசிமணியின் மாமியாருடைய தலைவலி வந்து, அவன் பகலெல்லாம் மருமகளைத் திட்டிக்கொண்டே மூட்டை சுமந்தானாம். லாரி நிறையத் துண்டுகள் திரும்பிவந்தன. கைலாசம் அவற்றைச் சாவடியில் அடுக்கிவைத்துக் கதவைச் சாத்தினார், ஆடுகூட அந்தப் பக்கம் படுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஊர் நிதானமாக உட்கார்ந்து நூலைப் பார்த்தது. நூலைப் பார்ப்பதில் அவர்களை யாரும் ஏமாற்ற முடியாது. வெறும் வயிற்றோடு முதல் ஷிப்டுக்குப் போகிறவன் நூல் இற்றுப்போய்த் தொட்டதெல்லாம் அறுந்தது. தண்ணீர் குடிக்காதவள் நூல் சொரசொரத்தது. ஒற்றைப் பல்புக்குக் கீழே கண்ணைச் சுருக்கி அறுந்த இழை தேடுகிறவளுக்குக் கண்ணோரத்திலிருந்து வந்தது. தோளைக் காதுவரை தூக்கிவைத்துக்கொண்டே தறி ஓட்டுகிறவனுக்குப் பிடரியிலிருந்து பருமனாக வந்தது. தறி அடிக்கிற அடிக்குத் தாளம் போட்டமாதிரி பல்லைக் கடிக்கிறவர்களுக்கு, ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், தாடை மூட்டிலிருந்து கிளம்பிக் காது ஓரமாக ஏறி வந்தது. ஆக, வலி அமைதியால் வரவில்லை, சத்தத்தின்போதே வந்துகொண்டிருந்தது, அமைதியில் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான் என்று ஊருக்கு விளங்கியது. பெரிய விஷயம்தான். ஆனாலும் அதைச் சொல்லி யாரும் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை, இத்தனை காலமும் தெரியாமல் இருந்ததில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சத்தத்தை நிறுத்தினால் சோறு கிடையாது, ஆகவே மற்றதை மாற்றினார்கள். தறிக்குப் போகுமுன் ஒரு போசி பழைய சோறு, தறிக்குத் தறி ஒரு சொம்பு தண்ணீர். சாயங்காலத்தில் வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து பிடரியில் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஊரின் கைப்பேச்சில் புதிதாக ஒரு சைகை சேர்ந்தது: உள்ளங்கையைத் தன் தோளில் வைத்து ஒரு அழுத்து. 'தோளை இறக்கு' என்று அர்த்தம். தாடையில் ஒரு விரலை வைத்தால் 'பல்லை விடு.' பட்டறையில் எதிர்ப்பட்டால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்குப் பதில் இதைக் காட்டினார்கள், ஆகாதவர்கள்கூட ஒருவருக்கொருவர் காட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நூல் மெலிந்தது, மாதம் ஒருமுறை முளைத்தாலே அதிகம் என்றானது.

சம்பூரணமும் சாப்பிட்டாள், தண்ணீர் குடித்தாள், துண்டு போட்டாள், தோளை இறக்கினாள். துளசிமணி தினமும் வந்து அவள் தாடையைத் தடவிவிட்டாள். அவளுடைய நூல் மட்டும் முடியவில்லை.

முதல் நாள் அவள் இழுத்துக் கீழே விட்ட நூல் வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கி, சாக்கடையைக் கடந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது. நுனி எங்கே போகிறது என்று யாரும் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அது விறைத்துக்கொண்டு நின்றது, அந்தப் பக்கம் யாரோ கட்டிவிட்டதைப்போல. அவள் அடுப்படிக்குப் போனால் இடுப்பில் செருகியிருந்த தார்க்குச்சியிலிருந்து நூல் விட்டுக்கொடுக்கும், வாசலுக்கு வந்தால் தொய்யும், தொய்வை அவள் குச்சியில் சுற்றிக்கொள்வாள். மிஷினில் மாட்டிச் சுற்றப் பார்த்தபோது தலைதான் முன்னால் வந்ததே தவிர நூல் வரவில்லை.

அவளுக்கு மட்டும் இல்லை, இன்னும் சிலருக்கு அப்படி நூல் வெளியே ஓடிற்று. சென்னியப்பனுக்கு அடுத்த தெருவில் இருந்த அண்ணன் வீட்டுச் சுவர்வரை ஓடிற்று. அந்தச் சுவர் யாருடையது என்பதில்தான் அண்ணன் தம்பிக்குப் பேச்சே நின்றுபோயிருந்தது. சென்னியப்பன் கத்தரியை எடுத்து நூலை அத்துவிட்டான். வலி சுத்தமாகப் போயிற்று. மறுநாள் டீக்கடையில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் மரியாதையாகக் கேட்டான்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

அண்ணன் டீயைக் குடித்து முடித்தார். "இந்த ஊர்தானுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. அத்துவிட்டால் வலியும் போகும், ஆளும் நினைப்பிலிருந்து போய்விடும். நிறையப் பேருக்கு அது தோதாகத்தான் இருந்தது. ஓடிப்போன பங்காளியை அத்தார்கள், கைவிட்ட புருஷனை அத்தார்கள், செத்துப்போன தாயைக்கூட ஒருவன் அத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. தெருவில் குறுக்கே போன நூல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் சம்பூரணத்தின் நூல் ஒன்றுதான் மிஞ்சியது.

தெரு அதோடு பழகிக்கொண்டது. கழுத்து உயரத்தில் போன நூலுக்குக் கீழே குனிந்து போனார்கள், பால்காரர் அந்த இடம் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கினார், தலையில் பாவுச் சுருளோடு வருகிறவர்களுக்குத் துளசிமணி கவைக்குச்சியால் நூலைத் தூக்கிப்பிடித்தாள். தட்டிவிட்டால் சம்பூரணத்துக்கு வலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நூல் எங்கே போகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாரியம்மன் திருவிழாவுக்கு நோம்பி சாட்டியபோதுதான் பேச்சு வந்தது. அந்தத் தெரு வழியாகத்தான் தேர் வரவேண்டும். கைலாசம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"சம்பூரணம், தப்பா நெனைக்காத. அம்மன் குனிஞ்சு போகாது."

"ஆமாங்க."

"ஊருல அத்துனை பேரும் அத்துட்டாங்க. ஒண்ணும் ஆயிரலை. நோம்பிக்குள்ள நீயும் அத்துரு. பாவம், நீயும் எத்தனை நாளைக்கு இழுத்துட்டே கெடப்ப."

"செரிங்க" என்றாள் சம்பூரணம். செரி என்று சொல்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது. மரத்துப்போன காலில் முள் குத்தினால் யாருக்கு என்ன? மேனகா போய்விட்டாள், போனது இத்தனை வருஷம் கழித்துத் தலையில் ஒரு இழுப்பாக மட்டும் மிச்சம் இருந்தது, அந்த இழுப்பும் போனால் போகட்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றிற்று. அன்று பகல் முழுக்கத் தார் சுற்றினாள். மேனகாவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள், வந்தது. இன்னொரு தடவை நினைத்துப் பார்த்தாள்.

சாயங்காலம் ஷிப்டு மாறும் நேரத்தில் அர்த்தநாரி நூல்கத்தரியோடு வந்தான். தலையில் எப்போதும் கட்டியிருக்கும் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. கொஞ்ச காலமாகவே அவனிடம் கோபம் இல்லை, முகம் கழுவிவிட்டதுபோல இருந்தது, அவளும் அதைக் கவனித்திருந்தாள். வயசாகிறது, மனசு ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"தலையக் காட்டு. ஒரு வெட்டுத்தான், வலிக்காது" என்றான்.

"இருங்க. சித்த நேரம் போகட்டும்."

"எதுக்குப் போட்டு வதைச்சுக்கற? எனக்கும் ஒண்ணு இருந்துச்சு. மொதல் வாரத்துலயே அத்துட்டேன். நல்லா இருக்கறன் பாரு."

சம்பூரணம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் குனிந்து நூலை விரலால் சுண்டினான், அவள் பொட்டில் சுரீர் என்றது. நூல் போகிற திசையைக் கண்ணால் அளந்தபடி அவன் சாதாரணமாகக் கேட்டான்.

"இது ஆத்தைத் தாண்டிப் போகுமாட்ட இருக்குதே. அக்கரையில நமக்கு ஆரு இருக்கறா?"

அவன் வேண்டுமென்று கேட்கவில்லை. அந்த முகத்தில் ஒளிப்பு எதுவும் இல்லை, டீக்கடையில் சென்னியப்பனுக்கு இருந்த அதே மரியாதையான, காலியான முகம். மேனகா என்று ஒருத்தி பிறந்ததும், அவளை இந்தத் தோளில் வைத்துக்கொண்டு இதே அம்மன் தேரைக் காட்டியதும் அவனிடம் இல்லை. அவளும் கத்தரிக்குத் தலையைக் கொடுத்துவிட்டால், இந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்கு அம்மாவும் கிடையாது, அப்பாவும் கிடையாது, அப்படி ஒருத்தி இங்கே இருந்தாள் என்று சொல்லவும் ஆள் கிடையாது. சம்பூரணத்துக்கு அழுகை வரவில்லை. பயம் வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்கென்று வந்த ஒன்று அந்தப் பயம்தான்.

"ஆரும் இல்லீங்க. காலையில அத்துக்கலாம். கத்தரிய வெச்சுட்டுப் போங்க" என்றாள்.

காலையில் அவனுக்குப் பழையதை ஊற்றிவைத்துவிட்டு, தானும் ஒரு வாய் குடித்துவிட்டு, தார்க்குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். துளசிமணி வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கீங்க்கா?"

"தொய்வு இருக்குது. சுத்திட்டு வந்தர்றன்."

துளசிமணி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். உள்ளங்கையைத் தன் தோளில் வைத்து ஒரு அழுத்து அழுத்திக் காட்டினாள். சம்பூரணம் தோளை இறக்கிக்கொண்டு நடந்தாள்.

ஒரு அடி வைத்தால் ஒரு அடி நூல் தொய்ந்தது, தொய்ந்ததைச் சுற்றிக்கொண்டாள், சுற்றிக்கொண்டே பட்டறைத் தெருவைக் கடந்தாள், சாவடியைக் கடந்தாள், நூல் மின்கம்பத்தைச் சுற்றிய இடத்தில் தானும் கம்பத்தைச் சுற்றினாள், வேலிக்குள் போன இடத்தில் வேலியை விலக்கி எடுத்தாள், எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள், பிறந்ததிலிருந்து காதில் இருந்த தறிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் போய், ஊர் எல்லையில் கொசுச் சத்தமாகி, பாலத்தில் கால் வைத்தபோது இல்லாமல் போயிற்று. அப்போது வலி வந்தது. நூல் தொய்ந்துதான் இருந்தது, ஆனாலும் சத்தம் மூடிவைத்திருந்த வலியெல்லாம் ஒன்றாக வந்து, தாடையில், காதோரத்தில், கண்ணுக்குப் பின்னால், பிடரியில், எங்கெங்கே பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாளோ அங்கெல்லாம் வந்தது. பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது. அவள் தலை முழுகிய படித்துறை அங்கிருந்து பார்த்தால் தெரிந்தது. பல்லை விட்டாள், மூச்சை விட்டாள், மறுபடியும் சுற்ற ஆரம்பித்தாள்.

தூரம் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. வெயில் ஏறுவதற்குள் அக்கரைக்கு வந்துவிட்டாள். இத்தனை வருஷம் வராத தூரம் இவ்வளவுதானா என்று அவளுக்கே அசிங்கமாக இருந்தது. நூல் பெரிய ரோட்டை விட்டு, ஒரு மாவு மில்லை ஒட்டிய சந்துக்குள் திரும்பிற்று. ஓட்டு வீடுகள். தறி இல்லாத தெரு, கோழி கொத்துகிற சத்தம்கூடக் கேட்டது. சந்தின் முனைக்கு வந்தபோது நூல் சட்டென்று கனத்துக் கீழே இழுத்தது. ஒரு பக்கமாகத் தலை சாய, சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

கடைசி வீட்டு வாசலில் மேனகா நின்றுகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். ஜன்னல் கம்பியில் நூல் நுனி மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தது, தார் சுற்றுகிறவள் மகள் போட்ட முடிச்சு, இழுத்தால் இறுகுமே தவிர அவிழாது. அந்த நூலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு லுங்கி, ஒரு பாவாடை, பிறகு வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சட்டை, முன்னால் முடிச்சுப் போடுகிற இன்னொரு சட்டை. வாளியில் இன்னும் இருந்தது. மேனகா குனிந்து ஈரத்துணி ஒன்றைப் பிழிந்து உதறி நூலில் போட்டாள். சம்பூரணத்தின் பொட்டில் அந்தத் துணியின் கனம் அப்படியே இறங்கியது.

சின்னச் சட்டை என்றால் என்ன என்று அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் சந்துக்குள் நடந்தாள். நடக்க நடக்க நூல் தொய்ந்து துணியெல்லாம் தரையை நோக்கித் தாழ்ந்தது, மண் படப்போகிறதே என்று அவசரமாகச் சுற்றினாள். கொடி தானாக உயருவதைப் பார்த்து மேனகா நிமிர்ந்தாள். கையில் இருந்த துணியோடு அப்படியே நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் காய்கிற துணிகள்தான் இருந்தன.

"வாம்மா" என்றாள் மேனகா. சத்தம் கம்மியாக இருந்தது, தறி இல்லாததால் கேட்டது.

சம்பூரணம் அங்கேயே நின்றாள். இதற்கு மேல் சுற்றத் துணி இடம் விடாது, இன்னும் ஒரு அடி வைத்தால் துணி மண்ணில் படும்.

"என்னோடதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். வந்த அன்னைக்கே தெரிஞ்சுது. இந்த முறுக்கு உன்னோடதுதான்." மேனகா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "சும்மா தெருவுல கெடந்தா நூலுதானேன்னு ஆராச்சும் அத்து எறிஞ்சுருவாங்க. கொடின்னா ஆரும் தொட மாட்டாங்க. அதான் இழுத்துக் கட்டி, தெனமும் ஏதாச்சும் துவைச்சுப் போட்டுட்டே இருந்தேன். காஞ்சு போனாலும் மறுக்கா நனைச்சுப் போடுவேன். உனக்கு வலிக்கும்னு தெரியும். ஆனா விட்டா போயிருமேன்னு இருந்துச்சு."

வீட்டுக்குள் குழந்தை சிணுங்கிற்று, தொட்டில் தானாக ஆடி அடங்கிற்று. மேனகா உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினாள். கேட்கலாமா என்று தயங்கினாள், பிறகு கேட்டாள்.

"அப்பா எப்படி இருக்காரு?"

சம்பூரணம் யோசித்தாள்.

"நல்லா இருக்காரு. தலைநோவு இல்ல."

மேனகாவுக்கு அது புரியவில்லை. நல்லது என்பதுபோலத் தலையாட்டினாள். சம்பூரணத்துக்கு அப்போது கண்ணில் நீர் நிறைந்து எதிரில் இருந்த சின்னச் சட்டைகள் கலங்கித் தெரிந்தன. துடைக்கக் கையை எடுத்தால் குச்சி நழுவும், நழுவினால் கொடி தாழும். அப்படியே விட்டாள், கன்னத்தில் வழிந்தது.

மேனகா வாளியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "இன்னும் நாலஞ்சு இருக்குது. உள்ள வா, இதை வேற எங்காச்சும் போட்டுக்கறேன். ரொம்ப வலிக்குதாம்மா?"

"வலிக்குது" என்றாள் சம்பூரணம். குச்சியை இறுக்கிப் பிடித்து, தோளை இறக்கிக்கொண்டு, கால் இரண்டையும் அகட்டி நின்றாள். "நீ போடு."